‘பாத்து ஓட்டு’ன்னா என்ன? முதல் சறுக்கல் ஒரு புது பைக்காரருக்குச் சொல்லித் தருவது

காலை 5.35. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பைக் வாங்கி மூன்றாவது வாரம். முந்தைய இரவு அந்த ஐப்பசியின் முதல் மழை பெய்திருந்தது.

முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. ஓரத்தில் நின்ற இரண்டு பேர் கை காட்ட, ஆட்டோ சட்டென்று நின்றது. நான் வலது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். அடுத்து நினைவிருப்பது, கன்னத்துக்குப் பக்கத்தில் ஈர மண்ணின் வாசனை. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஹெல்மெட் மட்டும் உருண்டு போய் எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சுக்குக் கீழே நின்றது.

வேகம் முப்பதைத் தாண்டியிருக்காது. உள்ளங்கையில் தோல் உரிந்தது, பேன்ட் முட்டியில் கிழிந்தது, ஒரு இண்டிகேட்டர் உடைந்தது, கிளட்ச் லிவர் வளைந்தது. அவ்வளவுதான். போலீஸ் கணக்கில் வராத, இன்சூரன்ஸ் கணக்கில் வராத, எந்தச் செய்தியிலும் வராத விபத்து. தமிழ்நாட்டில் பைக் ஓட்டும் பலருக்கும் இப்படி ஒன்று இருக்கும். பலரும் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சின்ன விழுகையிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்? பெரும்பாலும் தப்பான பாடத்தை. சரியான பாடம் எது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எல்லோரும் சொல்லும் ஒரே அறிவுரை

விழுந்து எழுந்ததும் சுற்றி நின்றவர்கள் சொன்னது: “பாத்து ஓட்டக் கூடாதா தம்பி?” கம்பெனியில் சூப்பர்வைசர் சொன்னது: “பாத்து ஓட்டுப்பா.” இரவில் விஷயம் தெரிந்து அம்மா சொன்னது: “பாத்து ஓட்டத் தெரியலைன்னா வண்டிய வித்துடு.”

விற்க முடியாது. பெரியபாளையம் பக்கத்திலிருந்து ஆரணி, புதுவாயல் கூட்டுரோடு, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி வந்து காலை 6 மணிக்குக் கார்டு தேய்க்க வேண்டும். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. அந்த நேரத்துக்குத் தோதான பஸ்ஸும் இல்லை. பைக் இல்லையென்றால் வேலை இல்லை. அந்த வண்டியே அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி.

ஆகவே ‘பாத்து’ ஓட்டியே ஆக வேண்டும். ஆனால், எதைப் பார்க்க வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. ‘பாத்து ஓட்டு’ என்பது அக்கறை. அதை வைத்து நாளைக்குக் காலையில் கையையும் காலையும் எப்படி வேறு மாதிரி அசைப்பது?

மண்ணில் இருந்த ஒரே ஒரு கோடு

டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு லாரி டிரைவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். தண்ணீர் கொடுத்து, கையைக் கழுவச் சொல்லிவிட்டு, நான் விழுந்த இடத்துக்கே திரும்பக் கூட்டிப் போனார்.

“இங்க பாரு தம்பி. மண்ணுல எத்தன கோடு இருக்கு?”

ஒன்றுதான். கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

“இது பின் வீலு. சுத்தாம இழுத்துட்டு வந்திருக்கு. முன் வீலு பாட்டுக்கு சும்மா உருண்டிருக்கு. நீ கை பிரேக்கத் தொடவே இல்ல, சரியா?”

தொடவில்லை. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய் என்று சொல்லித்தான் மாமா எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தார்.

அடுத்து இரண்டு கேள்விகள் கேட்டார். “ஆட்டோவுக்கும் உனக்கும் எவ்ளோ கேப் இருந்துது?” இரண்டு பைக் நீளம். “ஏன் இந்த மண்ணு ஓரத்துல வந்த?” லாரிக்குப் பயந்து.

மூன்று கேள்விகளில் விபத்து முழுவதும் அடங்கிவிட்டது. மழை காரணமில்லை, ஆட்டோக்காரர் மட்டும் காரணமில்லை. இடைவெளி போதவில்லை, மண் மேல் ஓட்டினேன், பின் பிரேக்கை மட்டும் மிதித்தேன். இந்த மூன்றையுமே மாற்ற முடியும். விழுந்ததில் உபயோகமான விஷயம் அதுதான்.

ஏன் முதல் மாதங்களில்?

புதியவர்கள் விழுவது தனிப்பட்ட முட்டாள்தனம் அல்ல. பைக் விபத்துகளைப் பற்றிய ஆய்வுகளில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது ஹர்ட் அறிக்கை. அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்டது.

அந்த டீக்கடை டிரைவர் சொன்னதைத்தான் அதுவும் சொல்கிறது. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. பல வருடம் ஓட்டியவரும் புது வண்டிக்கு மாறினால் முதல் சில மாதங்கள் புதியவர்தான்.

அவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, குடும்பத்தினர், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். நம் ஊர்க் கதையும் இதுதானே?

இன்னொரு கண்டுபிடிப்பு: ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதும் வரை பெரும்பாலானோருக்குக் கிடைத்தது 2 நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் செய்த வழக்கமான தப்பு, பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கியது, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காமல் விட்டது.

2 நொடியில் யாராலும் யோசிக்க முடியாது. உடம்பு எதைப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். எனவே கேள்வி, “நான் கவனமாக இருந்தேனா?” என்பது மட்டுமல்ல. “என் உடம்பு எதைப் பழகியிருக்கிறது?” என்பதும்தான்.

ஆர்டிஓ அலுவலகத்தில் நாம் என்ன பழகினோம் என்று யோசித்துப் பாருங்கள். எட்டு போட்டோம். கால் ஊன்றாமல் மெதுவாக வளைத்து ஓட்டும் சமநிலைக்கு அது நல்ல சோதனை. ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியைச் சறுக்காமல் நிறுத்துவது எப்படி என்பதை எட்டு கற்றுத் தராது.

முன் பிரேக் வில்லனா?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? எல்லோரும் முன்பக்கம் சாய்வோம். பைக்கிலும் அதேதான். பிரேக் பிடித்தவுடன் உங்கள் எடையும் வண்டியின் எடையும் முன் சக்கரத்தின் மேல் போய் அழுத்துகிறது. முன் டயர் ரோட்டை இறுக்கிப் பிடிக்கிறது. பின் டயர் லேசாகிப் பிடிமானத்தை இழக்கிறது.

அதனால்தான் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால், ஏற்கெனவே லேசாகிவிட்ட சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும். சுற்றாத சக்கரம் இழுபடும், பக்கவாட்டில் ஓடும். மண்ணில் நான் பார்த்த கோடு அதுதான்.

அப்படியென்றால் மாமா சொன்னது பொய்யா? பாதி உண்மை. முன் பிரேக்கை ‘லபக்’கென்று ஒரே பிடியாகப் பிடித்தால், எடை முன்னால் வந்து சேர்வதற்குள்ளேயே முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்போது விழுவது நிச்சயம். ஹேண்டிலைத் திருப்பிய நிலையில் பிடித்தாலும் அதே கதிதான். தப்பு பிரேக்கில் இல்லை, பிடிக்கும் விதத்தில் இருக்கிறது.

எலுமிச்சம் பழத்தைப் பிழிவது போலப் பிடியுங்கள். முதலில் மென்மையாக, பிறகு அழுத்தம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூடவே பின் பிரேக்கை லேசாக. ஹேண்டில் நேராக, கண் தூரத்தில். மண், ஈரம், ஜல்லி என்றால் இரண்டையுமே இன்னும் மென்மையாக, இன்னும் முன்கூட்டியே.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட புது இருசக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரையிலான வண்டிகளில் குறைந்தபட்சம் சிபிஎஸ் இருக்க வேண்டும்.

ஏபிஎஸ் என்பது சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில் பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுப் பிடிப்பது. ‘சிங்கிள் சேனல்’ என்று போட்டிருந்தால் அது முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரம் அப்போதும் பூட்டிக்கொள்ளலாம். சிபிஎஸ் என்பது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இன்னொன்றும் ஓரளவு சேர்ந்து பிடிப்பது. அது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் கருவி அல்ல. இந்த இரண்டையும் பலர் ஒன்றென நினைத்துக்கொள்கிறார்கள்.

என்னுடையது 2016 மாடல். இரண்டுமே இல்லை. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் மைலேஜ் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

20 நிமிடப் பயிற்சி

மெக்கானிக் அண்ணன் லிவரை மாற்றிக்கொடுத்தபோது, “ஞாயித்துக்கிழம காலையில காலி ரோட்டுக்குப் போய் பிரேக் மட்டும் பிடிச்சுப் பழகு. நம்மாளுங்க ஆக்ஸிலேட்டர் முறுக்க மட்டும்தான் பழகுறாங்க” என்றார். அப்படியே செய்தேன். நீங்களும் செய்யலாம்.

வாகனம் வராத, காய்ந்த, மண் இல்லாத தளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஹெல்மெட், ஷூ, முழுக்கை சட்டை அவசியம். துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது.

முதலில் 20 கிலோமீட்டர் வேகம். ஒரு இடத்தில் செங்கல் வையுங்கள். அதைத் தாண்டும்போது முன் பிரேக்கைப் பிழியத் தொடங்குங்கள், பின் பிரேக்கை லேசாக அழுத்துங்கள். நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறை செய்தபின் 30-க்குப் போங்கள். அது பழகிய பிறகு 40. சக்கரம் சறுக்குவது போல் தெரிந்தால் அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டு மறுபடி பிழியுங்கள்.

முதல் நாளுக்கும் மூன்றாவது ஞாயிறுக்கும் இடையில் செங்கல்லில் இருந்து நிற்கும் இடம் எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்று பாருங்கள். ‘பாத்து ஓட்டு’ என்பதை அளந்து காட்டும் ஒரே இடம் அதுதான்.

இடைவெளிக் கணக்கு

மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். ஆட்டோவின் பிரேக் லைட் எரிவதைப் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசைய ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடிக்கும் முன்பே 11 மீட்டர் போய்விட்டது. காய்ந்த ரோட்டில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்தால் வண்டி நிற்க இன்னும் சுமார் 10 மீட்டர். மொத்தம் 21.

அதே வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்பினால்? தோராயமாக 30 மீட்டரைத் தாண்டும். பத்து மீட்டர் வித்தியாசம் என்பது கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸின் நீளம்.

வேகம் 60 ஆனால்? வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் இரண்டேகால் மடங்கு. மொத்தம் 40 மீட்டர். ஈர ரோட்டில் 50-ஐத் தொடும்.

ரோட்டில் டேப் வைத்து அளக்க முடியாது. அதற்கு எளிய வழி இருக்கிறது. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது “ஒண்ணு… ரெண்டு…” என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்டினால் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள். மழையில் நான்கு வரை எண்ண வேண்டும்.

“அவ்ளோ கேப் விட்டா நடுவுல ஒருத்தன் புகுந்துடுவானே?” புகுவார்தான். மறுபடி இடைவெளி விட வேண்டும். ஒருவர் புகுந்தால் உங்களுக்கு 2 நொடி நஷ்டம். பத்து பேர் புகுந்தாலும் 20 நொடி. கார்டு தேய்க்க அது போதாதா?

நம்ம ரோட்டுக்கென்று சில குணங்கள்

ஒரு சென்னைக்காரர் அண்ணா சாலையில் கற்றுக்கொண்டது முழுவதும் இங்கே உதவாது. சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16, செங்குன்றம், தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் வழியாக ஆந்திர எல்லைக்குப் போகிறது. பழைய ஆட்கள் இன்றும் ஜிஎன்டி ரோடு என்பார்கள். கன்டெய்னர், இரும்புக் கம்பி, மணல், ஜல்லி என்று எல்லா லோடும் இதில்தான். அதே ரோட்டில்தான் ஷிப்ட் பைக்குகளும்.

ஓரத்து மண்: லாரிகளிலிருந்து சிந்தும் மணலும் ஜல்லிப் பொடியும் ஓரத்தில் ஒதுங்கும். பெரிய வண்டிக்குப் பயந்து நாம் ஒதுங்குவதும் அதே ஓரம். டயர் ஓடித் தேய்ந்த சுத்தமான தடத்தில் ஓட்டுங்கள். வேகமான வண்டிக்கு வழிவிட வேண்டுமானால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டு ஒதுங்குங்கள். மண் மேல் ஏறிய பிறகு பிரேக் பிடிக்காதீர்கள்.

முதல் மழை: ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் கரைந்து வழவழப்பாகும். கொட்டித் தீர்த்து ரோடு கழுவப்பட்ட பிறகு இருப்பதைவிட, தூறல் தொடங்கிய முதல் நிமிடங்களில் வழுக்கல் அதிகம். பஸ் ஸ்டாப், பெட்ரோல் பங்க் வாசல், வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி ஆகியவற்றில் கவனம் தேவை.

லெவல் கிராசிங்: தண்டவாளத்தை முடிந்தவரை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் ஈரத் தண்டவாளத்தில் டயர் வழுக்கும், அல்லது பள்ளத்தில் மாட்டும்.

கன்டெய்னர் லாரி: கேட்டுக்குள் இடது பக்கம் திரும்பும் டிரெய்லர் முதலில் வலப்பக்கம் அகலமாக எடுக்கும். இடப்பக்கம் காலி இடம் தெரியும். அது வழி அல்ல, பொறி. திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்கள் தெரியவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்த காலை: தூக்கக் கலக்கத்தில் அந்த ஒரு நொடி யோசனை நேரம் இரண்டு நொடி ஆகும். கண் செருகினால் ஒரு டீ அல்ல, 15 நிமிடத் தூக்கம்தான் மருந்து.

ஹெல்மெட் உருண்டு போன விஷயம்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று ஹெல்மெட் போட்டிருந்தேன், ஸ்ட்ராப் மாட்டவில்லை. தலை அடிபடாதது என் திறமை இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஹெல்மெட் தலையில் ஸ்ட்ராப்பால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட், தொப்பிதான். 2021 ஜூன் முதல் ஐஎஸ் 4151 தரச் சான்று உள்ள ஹெல்மெட்டைத்தான் விற்க முடியும். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அதே ஆண்டு நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. எண்ணிக்கை 64,105.

தலையோடு அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். வெளியில் கீறல்தான் தெரியும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கினால் மறுபடி அடியைத் தாங்காது.

விழுந்த உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் ரோட்டை விட்டு வெளியே வாருங்கள். வண்டியை ஆஃப் செய்யுங்கள். பதற்றத்தில் வலி தெரியாது. உடனே வண்டியை எடுத்துக் கிளம்பாமல் பத்து நிமிடம் உட்காருங்கள்.

சிராய்ப்பை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மண் உள்ளே இருக்கக் கூடாது. மஞ்சள் தூளோ காபித் தூளோ வேண்டாம். அழுக்குக் காயம் என்பதால், கடைசியாகத் தடுப்பூசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் டிடி ஊசி தேவைப்படும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கை ஊன்றி விழுந்தவர்கள் கட்டைவிரலின் அடிப்பகுதி, மணிக்கட்டுப் பக்கம் வலிக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு சின்ன எலும்பு உடைந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி நீடித்தால் பத்து, பதினைந்து நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ‘சுளுக்குதான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

தலையில் அடிபட்டிருந்தால் அடுத்த இரண்டு நாள் கவனம் தேவை. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம், குழப்பமான பேச்சு, மூக்கிலோ காதிலோ நீர் வடிவது – இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அதனாலேயே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். உங்களைக் கவனிக்க ஆள் வேண்டுமே.

பெரிய அடி என்றால் 108. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். அடுத்தவர் விழுந்து கிடந்தாலும் தயங்காமல் உதவுங்கள். உதவி செய்பவரைச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

மறுபடி ஓட்டும் முன் வண்டியைப் பாருங்கள். ஹேண்டில் முன் சக்கரத்தோடு நேராக இருக்கிறதா? ஆக்ஸிலேட்டர் முறுக்கிவிட்டால் தானாகத் திரும்புகிறதா? பெட்ரோல் கசிகிறதா? இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா? ஒன்றில் சந்தேகம் என்றாலும் தள்ளிக்கொண்டு போங்கள்.

எனக்கு அப்போது தெரியாத இரண்டு விஷயங்கள்

ஒன்று, இஎஸ்ஐ. கை வீங்கியதால் இரண்டு நாள் சம்பளம் இல்லாத லீவு போட்டேன். வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், பணியிட விபத்தாகவே கருதப்படும். இஎஸ்ஐ சட்டத்தில் 2010-ல் வந்த மாற்றம் இது. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் பொருந்தும். சிகிச்சையை அங்கேயே பார்த்திருக்கலாம். அடி பெரிதாகி மூன்று நாள் அல்லது அதற்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் போனால் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் வரை உதவித்தொகையும் உண்டு. ஆனால், சூப்பர்வைசரிடம் அன்றைக்கே சொல்லிப் பதிவாகியிருக்க வேண்டும். விழுந்ததை மறைப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

இரண்டு, இன்சூரன்ஸ். என் பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்தது. வண்டி கை மாறினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், ஆர்சியையும் மாற்ற வேண்டும். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, பாலிசியும் ஆர்சியும் உங்கள் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்தால்தான் கைகொடுக்கும்.

புது வண்டி வாங்கியவர்களும் பாருங்கள். ஐந்து வருடம் என்று ஷோரூமில் சொல்வது பெரும்பாலும் மூன்றாம் நபருக்கான காப்பீடு. உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதி பல பாலிசிகளில் ஒரு வருடம்தான். அது முடிந்ததே தெரியாமல் ஓட்டுபவர்கள் நிறைய.

கடைசியாக, அந்த ஐந்து நிமிடம்

நீங்கள் விழுந்தால், அல்லது விழாமல் தப்பித்தால்கூட, அன்று இரவு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று கேள்விகள். எவ்வளவு இடைவெளி விட்டிருந்தேன்? டயருக்குக் கீழே என்ன இருந்தது? கையும் காலும் என்ன செய்தன? ‘விதி’, ‘ரோடு சரியில்லை’, ‘அவன் குறுக்க வந்துட்டான்’ என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ரோட்டைச் சரிசெய்யக் கேட்பதும் நியாயம்தான். ஆனால் நாளைக் காலை அந்தப் பதில்களால் எதையும் மாற்ற முடியாது.

என் வண்டியை விற்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை செங்கல் வைத்துப் பழகினேன். நான்காவது ஞாயிறு அம்மா தெருமுனை வரைக்கும் வந்து நின்று பார்த்தார். “இது என்னடா விளையாட்டு?” என்றார். பிரேக் பிடித்துக் காட்டினேன். வண்டி செங்கல்லைத் தாண்டி ஆறேழு அடியில் நேராக நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: “பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் வேணும்னு சொன்னியே, என்ன விலை?”